எலக்ட்ரான் கற்றை ஆய்வுகளை நிறுத்தாதீர்கள்: பீம் நேரம் ஒதுக்கும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

லேசரால் எரிபொருளை அமுக்கி அணுக்கருக்களை இணைய வைக்கும் லேசர் இணைவு ஆய்வுகளுக்கு நிதியும் பீம் நேரமும் (லேசரைப் பயன்படுத்தும் நேரம்) ஒதுக்கும் தேர்வுக் குழுவினருக்கு,

அடுத்த சுற்று விண்ணப்பங்களுக்கான உங்கள் அறிவிப்பைப் படித்தேன். லேசர் முடுக்கிவிடும் வேக எலக்ட்ரான் கற்றை, சுடப்படும் பொருளான இலக்குக்குள் எப்படிப் பயணிக்கிறது, அதை எப்படி ஒடுக்கி வழிநடத்துவது என்று மட்டும் பார்க்கும் சோதனைகளுக்கு இனித் தனியாக நேரம் கிடையாது என்கிறீர்கள். எரிபொருளை அமுக்கி, சூடாக்கி, இணைவு நடந்ததற்கு அடையாளமான நியூட்ரான்களின் கணக்கைக் காட்டும் முழுச் சோதனைகளுக்குத்தான் முன்னுரிமையாம். காரணம் இரண்டே வரியில் முடிந்துவிட்டது: வழிநடத்தல் கொள்கையளவில் தீர்ந்த பிரச்சினை, மிச்சத்தைக் கணினிக் கணக்கீடுகள் பார்த்துக்கொள்ளும்.

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. இலக்கு அறைக்குப் பக்கத்திலேயே பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் இலக்குக்குக் கொடுத்த 2.05 மெகாஜூலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் கிடைத்தது. அந்த நாளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்த லேசரை ஒருமுறை சுட மின்சாரமாக எடுத்துக்கொண்டது 300 மெகாஜூல் அளவுக்கு. மின் நிலையம் என்று வந்தால் ஒன்றரை மடங்கு எந்த மூலைக்கும் போதாது. ஐம்பது, நூறு மடங்கு என்று பேச வேண்டும். அங்கே ஒரே லேசர் துடிப்பு எரிபொருளை அமுக்கவும் வேண்டும், நடுவில் பொறியை உண்டாக்கவும் வேண்டும். அதனால் அமுக்கம் எல்லாத் திசையிலும் பிசிறில்லாமல் இருந்தாக வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிடலாம் என்று 1994ல் மேக்ஸ் டபாக்கும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். முதலில் நானோசெகண்ட் (செகண்டில் நூறு கோடியில் ஒரு பங்கு) லேசர்கள், டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகைகளின் கலவையை அமுக்கும். அப்புறம் ஒரு பெட்டாவாட் (ஆயிரம் லட்சம் கோடி வாட்) லேசர் அதன் ஓரத்தில் ஓர் இடத்தை மட்டும் பற்றவைக்கும். இதுதான் வேகப் பற்றவைப்பு. அமுக்கத்தில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் தாங்கும், குறைந்த ஆற்றலில் அதிக ஈட்டம் வரும் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஒரே சிக்கல், லேசர் ஒளியால் அடர்ந்த பிளாஸ்மாவுக்குள், அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த சூடான பொருளுக்குள், போக முடியாது. ஒளி ஊடுருவக்கூடிய எல்லையான மாறுநிலை அடர்த்தியிலேயே அது நின்றுவிடும். அங்கிருந்து எரிபொருள் வரைக்கும் ஆற்றலைச் சுமந்து போக வேண்டியது அந்த ஒளி முடுக்கிவிட்ட எலக்ட்ரான்கள். நீங்கள் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் பகுதி இதுதான்.

எவ்வளவு தேவை என்று பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 300 கிராம் என்ற அடர்த்திக்கு அமுக்கிய எரிபொருளில், சுமார் 20 மைக்ரான் ஆரமுள்ள பகுதிக்குள், 20 பைக்கோசெகண்ட் (நானோசெகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு பைக்கோசெகண்ட்) நேரத்தில், ஏறத்தாழ 20 கிலோஜூல் இறங்க வேண்டும். எலக்ட்ரான்கள் பிறக்கும் இடமும் 20 மைக்ரான் ஆரம், எரிபொருள் 100 மைக்ரான் தள்ளி இருக்கிறது, கற்றை 45 பாகை அரைக்கோணத்தில் விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோணம் மிகையில்லை, பல சோதனைகள் இதே வட்டாரத்தில்தான் காட்டியிருக்கின்றன. எரிபொருளைத் தொடும்போது கற்றையின் ஆரம் 120 மைக்ரான் ஆகியிருக்கும். பரப்பில் 36ல் ஒரு பங்குதான் வேண்டிய இடத்தில் விழும். 20 கிலோஜூல் இறக்க 720 கிலோஜூல் எலக்ட்ரான் வேண்டும். லேசர் ஆற்றலில் 40 விழுக்காடு எலக்ட்ரானாக மாறுகிறது என்று தாராளமாகக் கொண்டாலும் 1.8 மெகாஜூல் லேசர், அதுவும் சில பத்து பைக்கோசெகண்டுக்குள். லிவர்மோரின் 192 கற்றைகளும் சேர்ந்து நானோசெகண்ட் கணக்கில் கொடுத்த ஆற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமம். அப்படி ஒரு லேசர் எங்கும் இல்லை, கட்டவும் முடியாது. கற்றையை ஒடுக்கினால் இதே திட்டம் சாத்தியத்துக்குள் வந்துவிடுகிறது. மேலே உள்ளது தோராயக் கணக்குதான். ஆனால் எந்தத் திருத்தமும் இந்தப் பள்ளத்தை மூடாது.

விரிவதைத் தடுப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் எல்லோரும் இந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் இல்லை என்று தெரியும். ஒரு பெட்டாவாட் திறனை 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் சுமந்தால் மின்னோட்டம் 50 கோடி ஆம்பியர். அந்த ஆற்றலில் வெற்றிடத்தில் போகும் கற்றை, தன் காந்தப்புலமே தன்னைத் திருப்பிவிடாமல் சுமக்கக்கூடியது 80 ஆயிரம் ஆம்பியர் சொச்சம். பல ஆயிரம் மடங்கு மீறுகிறோம். பிளாஸ்மாவில் குளிர்ந்த எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் ஓடி இந்த மின்னோட்டத்தை ஈடுகட்டுவதால்தான் கற்றை நகரவே முடிகிறது. அந்தத் திரும்போட்டம் பொருளின் மின்தடையை எதிர்கொள்கிறது, அதிலிருந்து மின்புலம், அதிலிருந்து காந்தப்புலம். அந்தக் காந்தப்புலம் கற்றையைக் குவிக்கவும் செய்யும், இழை இழையாகக் கிழிக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது பொருளின் மின்தடை வெப்பத்தோடு எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தது.

இந்த இயல்பையே நமக்குச் சாதகமாக்கலாம் என்று 2007ல் ராபின்சனும் ஷெர்லாக்கும் காட்டினார்கள். மின்தடை அதிகமுள்ள ஒரு கம்பியை, மின்தடை குறைந்த பொருளுக்குள் பொதித்து வையுங்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் காந்தப்புலம் தானாக வளர்ந்து எலக்ட்ரான்களைக் கம்பிக்குள் தள்ளும். 2009ல் சோதனையிலும் அது வேலை செய்தது. கொள்கையளவில் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வந்தவற்றையும் பாருங்கள். 2011ல் வைரத்தையும் கண்ணாடி வகைக் கார்பனையும் வைத்துச் செய்த சோதனையில், இரண்டும் கார்பன் அணுக்களே என்றாலும், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட வைரத்தில் கற்றை வழவழப்பாகப் போனது, ஒழுங்கில்லாததில் இழைகளாகப் பிரிந்தது. 2013ல் சிலிக்கானில் கற்றை வளையமாக வந்தது. குளிர்ந்த நிலையில் மின்தடை எப்படி இருக்கிறது என்பதுதான் இரண்டுக்கும் காரணம். பொருள் சூடாகத் தொடங்கும்போதே, சில எலக்ட்ரான்வோல்ட் (ஒரு எலக்ட்ரான்வோல்ட் என்பது சுமார் 11,600 பாகை) வெப்பத்திலேயே, கற்றையின் தலைவிதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்று 2007ல் யாரும் எதிர்பார்க்கவில்லை. முழுச் சோதனைகளில் இது வெளியே வந்திருக்காது. எரிபொருளே இல்லாத வெறும் துண்டுகளைச் சுட்டதால்தான் வந்தது. 2012ல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துக் குழுவும் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து, வரிசையாக நிற்கும் கார்பன் நானோ குழாய்கள் மெகாஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மில்லிமீட்டர் வரை கொண்டுபோவதைக் காட்டியதும் அதே வகைச் சோதனைதான். உங்கள் புது விதியின்படி இவற்றில் ஒன்றுக்கும் இன்று நேரம் கிடைக்காது.

வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுப்பது இன்னொரு வழி. 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானை 8 மைக்ரான் ஆரச் சுழற்சிக்குள் அடக்க 1000 டெஸ்லா வேண்டும். மருத்துவமனை ஸ்கேன் கருவியில் இருப்பது பெரும்பாலும் ஒன்றரை அல்லது மூன்று டெஸ்லா. லேசரால் இயக்கும் சிறு சுருள்களிலிருந்து இந்த அளவுப் புலம் கிடைப்பதாக ஒசாகாவிலிருந்து 2013ல் அறிக்கை வந்தது. 2018ல் பிரான்சில் 600 டெஸ்லா புலத்தைக் கொண்டு, இலக்கில் 60 மைக்ரான் ஆழத்தில் ஆற்றல் அடர்த்தியை ஐந்து மடங்கு உயர்த்தினார்கள். அதே வருடம் ஒசாகாவில் புலத்தின் உதவியோடு லேசர் ஆற்றலில் சுமார் 8 விழுக்காடு அமுக்கிய பகுதியைச் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் இந்தச் சுருள்களின் புலம் உண்மையில் எவ்வளவு என்பதில் வெவ்வேறு குழுக்கள் சொல்லும் மதிப்புகளுக்கு இடையே இன்னும் பெரிய இடைவெளி இருக்கிறது. தவிர, எரிபொருளை அமுக்கும்போது அதிலுள்ள புலமும் சேர்ந்து அமுங்கிப் பல மடங்காகும். பலவீனமான புலத்தில் பிறந்த எலக்ட்ரான், பலமான புலத்தை நோக்கிப் போகும்போது பாதி வழியில் திருப்பி அனுப்பப்படும். வழிகாட்ட வைத்ததே கதவை அடைத்துவிடும். இதைச் சமாளிக்கப் புலத்தை எப்படி வடிவமைப்பது என்று தாளில் யோசனைகள் உண்டு, சோதித்துப் பார்த்தவை குறைவு. தீர்ந்த பிரச்சினை இப்படியா இருக்கும்?

முழுச் சோதனைகளே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தத் துறை ஏற்கெனவே ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. ஒசாகாவில், எரிபொருள் வரை வழிவிடும் ஒரு பொன்கூம்பு வழியாகப் பெட்டாவாட் லேசரை அனுப்பி நியூட்ரானை ஆயிரம் மடங்கு கூட்டினார்கள், 2002ல் வெளியான முடிவு அது. லேசர் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளைச் சேர்ந்ததாகக் கணித்தார்கள். அந்த முடிவை நம்பித்தான் பெரிய லேசர்கள் எழுந்தன. ஐரோப்பாவின் ஹைப்பர் திட்டமும் முதலில் வேகப் பற்றவைப்பை நம்பித்தான் கிளம்பியது, பிறகு எலக்ட்ரான்களுக்குப் பதில் வலிய அதிர்வலையால் பற்றவைக்கும் அதிர்வலைப் பற்றவைப்பின் பக்கம் சாய்ந்தது. ஒசாகாவில் எல்ஃபெக்ஸ் என்ற புதிய பெட்டாவாட் லேசர் வந்து முதல் சோதனைகள் நடந்தபோது எதிர்பார்த்த வெப்பம் வரவில்லை. முதன்மைத் துடிப்புக்கு முன்னால் கசியும் முன்துடிப்பு கூம்புக்குள் பிளாஸ்மாவை நிரப்பிவிடுவதும், எலக்ட்ரான்கள் முனையிலிருந்து பின்தள்ளிப் பிறப்பதும், ஆற்றல் தேவைக்கு மேல் கூடிப்போய் எரிபொருளைத் துளைத்துக்கொண்டு வெளியேறுவதும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. நியூட்ரான் எண்ணிக்கை குறைந்தது என்று தெரிந்ததே தவிர, ஏன் என்று அந்த எண் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஒமேகா லேசரில் எரிபொருள் ஓட்டில் செம்பைக் கலந்து, எலக்ட்ரான்கள் எங்கே ஆற்றலை இறக்குகின்றன என்று படம் பிடித்துப் பார்த்து, அதை வைத்து இலக்கைத் திருத்திய பிறகுதான் அங்கே லேசர் ஆற்றலில் 7 விழுக்காடு வரை எரிபொருளைச் சேர முடிந்தது. 2016ல் வெளியான முடிவு அது. பார்த்தது முதலில், உயர்ந்தது அப்புறம்.

எங்கள் குழுவின் அனுபவமும் வேறு மாதிரி இல்லை. பெரிய பெட்டாவாட் லேசர்களில் ஒரு ஷாட் போனால் கண்ணாடிப் பெருக்கிகள் ஆறக் காத்திருக்க வேண்டும். அடுத்த ஷாட்டில் மின்காந்தத் துடிப்பு ஏதாவது ஒரு கேமராவை முடக்கும். ஒரு நாளுக்கு உருப்படியாகக் கிடைப்பது கைவிரல் எண்ணிக்கைதான். கம்பி பொதித்த இலக்கு ஒன்றில், பின்புறச் செம்புப் படலத்தின் கே-ஆல்ஃபா ஒளிர்வு (எலக்ட்ரான்கள் மோதும்போது செம்பு உமிழும் எக்ஸ் கதிர்) சின்னப் புள்ளியாக, பிரகாசமாக வந்தது. அதே வகை அடுத்த இலக்கில் புள்ளி அகன்று ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. லேசர் கம்பிக்கு நேராக விழவில்லையா? அன்று முன்துடிப்பு கூடுதலா? கம்பிக்கும் சுற்றியிருக்கும் உலோகத்துக்கும் நடுவே நுண்ணிய இடைவெளியா? மூன்றையும் பிரித்தறிய ஒரே வழி, அதே இலக்கைத் திரும்பத் திரும்பச் சுடுவது. அடுத்த சுற்றில் அதற்காக விண்ணப்பித்தோம். புதுமை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஷாட்டின் முன்துடிப்புப் பதிவைக் கேட்டால், அன்றைக்கு அந்தக் கருவி இணைக்கப்படவில்லை என்றார்கள். ஆகவே இன்றுவரை எங்கள் கையில் ஒரு அழகான படமும், அதற்கு எதிரான ஒரு படமும் இருக்கின்றன. இரண்டில் எதை நம்பச் சொல்கிறீர்கள்?

மதிப்பீட்டுப் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்பார்க்கும் நியூட்ரான் எண்ணிக்கை என்று அதில் ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் இலக்கு அலுமினியம், டைட்டானியம், செம்பு. பூஜ்யம் என்று எழுதினோம். அந்தக் கட்டத்துக்கான மதிப்பெண்ணும் பூஜ்யமாக வந்தது. சிரிப்பு வந்தாலும் அதன் பின்விளைவு சிரிக்கத்தக்கதாக இல்லை. கற்றைப் பயணத்தை ஆய்வுப் பொருளாக எடுத்த மாணவர்கள் பாதியில் வேறு தலைப்புக்குப் போகிறார்கள். இலக்கு செய்யவும், ஒளிர்வுப் படங்களைப் படிக்கவும் தெரிந்த கைகள் குறைகின்றன. இவர்களை மறுபடி உருவாக்க உங்கள் ஒரு சுற்று நிதி போதாது.

கணக்கீடு பார்த்துக்கொள்ளும் என்ற வாதத்தில் ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கிறது. முழு அளவு இலக்கில் எலக்ட்ரான் பயணத்தைக் கணக்கிடும் பெரும்பாலான நிரல்களுக்கு, கற்றை பிறக்கும்போது எந்தக் கோணத்தில் விரிகிறது என்பதை நாம்தான் உள்ளீடாகக் கொடுக்கிறோம். பொருளின் மின்தடைக்கான மாதிரியையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஒன்றிலிருந்து நூறு எலக்ட்ரான்வோல்ட் வரையான இடைப்பட்ட நிலை, திடமும் இல்லாத பிளாஸ்மாவும் ஆகாத நிலை. அங்கே இந்த மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கோணத்தைக் கொஞ்சம் மாற்று, மின்தடையைக் கொஞ்சம் மாற்று, சோதனையோடு பொருந்திவிடும். பொருந்திய நிரல் அடுத்த இலக்கைச் சரியாகக் கணிக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நிரலுக்குத் தேவையான எண்களை அளந்து தரும் ஷாட்டுகளை நிறுத்திவிட்டு, நிரலையே நம்பச் சொல்வது எந்த வகை நியாயம்? நிரல் எழுதும் நண்பர்களைக் கேளுங்கள், எங்களைவிடச் சத்தமாக இதைச் சொல்வார்கள்.

இன்னொரு பதிலும் எனக்குக் கேட்கிறது: எலக்ட்ரான் வேண்டாம், புரோட்டானால் பற்றவைக்கலாமே. 2001லேயே முன்வைக்கப்பட்ட வழி அது, பிறகு தனியார் துறையும் அதில் ஆர்வம் காட்டியது. நல்லது. அந்தப் புரோட்டான்களை இழுத்து முடுக்குவது யார்? படலத்தைத் துளைத்துப் பின்பக்கம் வெளியேறும் அதே வேக எலக்ட்ரான்கள் உண்டாக்கும் மின்புலம்தான். எலக்ட்ரான் கற்றை இழைகளாகக் கிழிந்தால் புரோட்டான் கற்றையிலும் அதன் தழும்பு தெரியும். சீனாவில் 2020ல் முன்வைத்த இரட்டைக் கூம்பு முறையிலும் கடைசிச் சூட்டைக் கொடுப்பது வேக எலக்ட்ரான்களே. எந்த வாசலில் நுழைந்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. காந்தப்புல வழிநடத்தல் இப்போதுதான் எண்களாகப் பலன் தர ஆரம்பித்திருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்கிறீர்கள்.

முழுச் சோதனைகள் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவை வேண்டும், அவற்றுக்குப் பெரும்பங்கு நேரம் கொடுப்பதும் நியாயமே. நான் கேட்பவை இவை.

எலக்ட்ரான் பயணச் சோதனைகளை விலக்கும் விதியை அடுத்த சுற்று தொடங்கும் முன்பே திரும்பப் பெறுங்கள். குறுந்துடிப்பு லேசர்களின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது கற்றையின் விரிவு, வழிநடத்தல், இடைநிலை வெப்பத்தில் மின்தடை ஆகியவற்றை அளக்கும் சோதனைகளுக்கென்று எழுத்துபூர்வமாக ஒதுக்குங்கள். இந்தச் சோதனைகளை நியூட்ரான் கட்டத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். அளவீட்டின் துல்லியத்தையும், எந்த நிரலின் எந்த அனுமானத்தை அது சோதிக்கிறது என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

ஒவ்வொரு இலக்கு வகைக்கும் குறைந்தது மூன்று ஒரே மாதிரி ஷாட் என்பதை ஒதுக்கீட்டின் நிபந்தனையாகவே ஆக்குங்கள். மறுமுறை சுடுவதைப் புதுமைக் குறைவு என்று யாரும் கழிக்கக் கூடாது. முன்துடிப்பு அளவும், குவியப் புள்ளியின் படமும், துடிப்பின் நீளமும் ஒவ்வொரு ஷாட்டிலும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவு சோதனைக் குழுவின் கைக்குத் தானாக வந்து சேர வேண்டும். கருவி இணைக்கப்படவில்லை என்றால் அந்த ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வழிநடத்தல் வேலை செய்யாத ஷாட்டுகளின் தரவையும் பொதுவில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் குழுவிடம் உள்ளதை முதலில் நாங்களே தருகிறோம், புள்ளி அகன்று ஒதுங்கிய அந்தப் படம் உட்பட.

கடைசியாக, எந்தச் சோதனையை, எந்தக் கணக்கீட்டை வைத்து இந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று முடிவுசெய்தீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். அதைச் சோதனைக் குழுக்களும் நிரல் எழுதுபவர்களும் இருக்கும் ஒரு திறந்த கூட்டத்தில் விவாதிக்கத் தேதி குறியுங்கள். விண்ணப்பங்களின் கடைசி நாளுக்கு முன்பே அந்தக் கூட்டம் நடக்க வேண்டும். முடிவு வந்த பிறகு நடக்கும் கூட்டத்தால் எங்களுக்குப் பயனில்லை.

இப்படிக்கு,
வேக எலக்ட்ரான் சோதனைக் குழு ஒன்றின் உறுப்பினர்